மரக்காணத்தில் நாங்கள் வாங்கிவைத்த சாவிகள்

சென்ற மாதம் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு கடற்கரை ஓட்டலில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. ஓய்வுபெற்ற எங்களில் சிலரையும் அழைத்திருந்தார்கள். அந்த ஓட்டலில் எந்த அறைக்கும் சாவி கிடையாது, எல்லாம் அட்டைதான். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. அதிலிருக்கும் பொத்தானை அமுக்கினால் அத்தனை அறைக் கதவுகளும் ஒரே சமயத்தில் பூட்டுத் திறந்துகொள்கின்றன. நிலைய அலுவலர் அதை அமுக்கிக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்க காலத்துல பூட்டுன கட்டடம்னா எப்படி உள்ள போவீங்க?"

"கோடாலிதான்," என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். நான் சொன்னது பாதி உண்மைதான். எழுபதுகளின் நடுவில், மரக்காணம் உப்பளப் பக்கத்தில் நான் வேலை பார்த்த சின்ன நிலையத்தில், கோடாலிக்கு முன்னால் சாவிதான் போகும். பெட்டியும் பொத்தானும் இல்லாத காலத்தில் அதை எப்படிச் செய்தோம், யார் யாரால் அது நடந்தது என்று கேட்டவருக்கே முழுசாகச் சொல்லியிருக்கலாம். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கிராமம். விவசாயக் குடும்பம். வேலை கிடைத்ததும் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஏணி ஏறினேன், குழாய் சுருட்டினேன், முடிச்சுப் போடக் கற்றேன், முட்டி தேய்ந்தது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. வேலையை நான் கற்றுக்கொண்டது மரக்காணத்தில், ஆரோக்கியதாஸ் என்ற ஸ்டேஷன் ஆபீசரிடம்.

அங்கே போன புதிதில் எனக்கு ஒரு சந்தேகம். கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்தி. ஒரு பக்கம் கால்வாய், அதற்கப்பால் கடல். இங்கே எரிவதற்கு என்ன இருக்கிறது, எதற்கு ஒரு வண்டி? ஆரோக்கியதாஸ் சாரிடமே கேட்டேன்.

"உப்பு எரியாதுங்க ஏழுமலை," என்றார். "உப்பச் சுத்தி இருக்கறது எல்லாம் எரியும்."

அது கோடையிலேயே தெரிந்துவிட்டது. உப்பு அம்பாரங்களை மூடப் பனையோலை, தைத்து அடுக்கிய கோணிச் சாக்கு, கொட்டாய்களுக்குச் சவுக்குக் கம்பும் கீற்றும். மத்தியானம் கடல்காற்று கிளம்பிவிட்டால் ஒரு பீடித் துண்டு போதும். தண்ணீருக்குப் பஞ்சமில்லை, பாத்தி பாத்தியாக இருந்தது. ஆனால் அத்தனையும் உப்புத் தண்ணீர். அதை இறைத்துத் தீயை அணைத்துவிட்டு வந்தால் பம்பை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி எடுக்காமல் யாரும் சாப்பிடப் போக முடியாது.

ஆரோக்கியதாஸ் சார் ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வேலைக்குப் புதிதாக வந்த என்னையும் "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடுகிறவரிடம் வேலையை அரைகுறையாகச் செய்துகாட்ட மனசு வராது. தீப்பிடித்த இடத்தில் அவர் ஓட மாட்டார், வேகமாக நடப்பார். "நான் ஓடினா நீங்க எல்லாரும் என்னைவிட வேகமா ஓடுவீங்க. ஒருத்தர் விழுவீங்க," என்பார். மூடிய கதவு என்றால் முதலில் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொல்வார். கீழே ஒரு தரம், நடுவில் ஒரு தரம், எட்டுகிற உயரத்தில் ஒரு தரம். உள்ளங்கை சுட்டுக்கொண்டால் அப்புறம் எதையும் பிடிக்க முடியாது, அதனால் புறங்கை. கதவு சுட்டால் கையில் தண்ணீர் வரும்வரை திறக்கக் கூடாது. சுடாவிட்டால் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, குனிந்து, கொஞ்சமாகத் திறக்க வேண்டும். இதை எங்கள் நிலையத்துக் கக்கூஸ் கதவில்கூட எங்களைச் செய்ய வைத்திருக்கிறார்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு தீயும் அணைந்த பிறகு வண்டி நிழலில் எங்களோடு குந்தி உட்கார்ந்து கேட்பார்: "இன்னைக்கு நாம எந்த எடத்துல சும்மா நின்னோம்?" முதலில் இது திட்டுவதற்கான முன்னுரை என்று பயந்தேன். இல்லை. யார் செய்தார் என்று அவர் கேட்டதே கிடையாது. எந்த இடத்தில் வேலை நின்றது என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டும்.

நான் போன முதல் கோடையில் தனபாக்கியம் அம்மாளின் சாக்குக் கிடங்கு பற்றிக்கொண்டது. அந்த அம்மாள் பெரிய உப்பளக்காரர். கணவர் போன பிறகு தானே குடை பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்து நிர்வாகம் செய்தவர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கீற்று ஜன்னல் வழியாகப் புகை மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு குழாயை உள்ளே நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் கதவில் தேங்காய் அளவு பூட்டு. சாவி கணக்கப்பிள்ளையிடம். கணக்கப்பிள்ளை திண்டிவனத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். கடப்பாரை, கோடாலி எல்லாம் போட்டோம். பழைய மரக்கலத்துப் பலகையில் செய்த கதவு, இரும்புப் பட்டை அடித்தது. அது விட்டுக்கொடுப்பதற்குள் உள்ளே அத்தனை சாக்கும் தணலாகிவிட்டது.

தனபாக்கியம் அம்மாள் வந்து பிளந்து கிடந்த கதவைப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார்.

"கதவையும் ஒடைச்சீங்க, சாக்கையும் எரிய வுட்டீங்க. எதுக்குப்பா வந்தீங்க?"

அன்றைக்கு நிழலில் உட்கார்ந்து ஆரோக்கியதாஸ் சார் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது எங்கள் எல்லாரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. கதவுக்கு முன்னால்.

மறுநாள் காலையில் அவர் சொன்னார்: "ஊர்ல பூட்டற கட்டடத்துக்கெல்லாம் ஒரு சாவி நம்மகிட்ட இருக்கணும்."

சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. மேலதிகாரியைப் போய்ப் பார்த்துக் கேட்டார். அவர், வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஒரு திருட்டு நடந்தா உங்க ஸ்டேஷன்ல இருக்கறவங்களத்தான் முதல்ல புடிப்பாங்க, யோசிச்சுக்கோங்க," என்று மட்டும் சொன்னாராம். சார் திரும்பி வந்து அதை அப்படியே எங்களிடம் சொன்னார். பயமாக இருந்தால் இப்போதே சொல்லிவிடலாம் என்றார். யாரும் சொல்லவில்லை.

பிறகு சைக்கிளில் நானும் அவரும் உப்பளம் உப்பளமாக, கடை கடையாகப் போனோம். பள்ளிக்கூடம், அரிசி மண்டி, மீன் கிடங்கு, சவுக்குக் கட்டை டிப்போ. எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், சாவி மட்டும் கொடுக்கவில்லை. "சொந்த மச்சானுக்கே சாவி குடுக்கறதில்ல, சர்க்காருக்கா குடுப்பேன்?" என்று டிப்போக்காரர் சிரித்தார். தனபாக்கியம் அம்மாள் சிரிக்கக்கூட இல்லை. "கதவ ஒடைச்சவங்களுக்குச் சாவி வேறயா?" என்று சொல்லிவிட்டு வரப்பில் நடக்கத் தொடங்கிவிட்டார்.

அந்தச் சிக்கலைத் தீர்த்தவர் காதர் பாய். கடைத்தெருவில் பெட்டி அளவு கடை வைத்துப் பூட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அவரிடம் நாங்கள் போனது, சாவி கேட்க அல்ல. இவ்வளவு சாவியை உப்புக் காற்றில் துரு ஏறாமல் எப்படி வைப்பது என்று கேட்கத்தான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தினி பேரு குடுத்தாங்க சாப்?" என்றார்.

"ஒருத்தரும் குடுக்கல பாய்."

அவர் தன் இடுப்புச் சாவிக் கொத்தைப் பிரித்து, கடைச் சாவிகளில் ஒன்றைக் கழற்றி சார் கையில் வைத்தார். "இந்தாங்க. என்னோடது மொத சாவி. ஊர்ல எல்லாருக்கும் பூட்டு குடுக்கறவன் நான். நானே குடுத்துட்டேன்னு சொல்லுங்க, மத்தவங்க எப்டி இல்லேன்றாங்க பாப்போம்."

அப்படியே நடந்தது. பூட்டுக்காரரே கொடுத்துவிட்டார் என்ற பேச்சு இரண்டு மூன்று நாளில் ஊர் முழுக்கப் பரவியது. முதலில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், பிறகு மீன் கிடங்கு, பிறகு சிரித்த டிப்போக்காரரே வந்தார்.

சாவி வாங்குவதற்கு ஆரோக்கியதாஸ் சார் வைத்த முறையைச் சொல்ல வேண்டும். சாவியை வேஸ்லின் தடவித் துணியில் சுற்ற வேண்டும். முடிச்சின் மேல் அரக்கு உருக்கி ஊற்ற வேண்டும். அந்த அரக்கின் மேல் சாவிக்குச் சொந்தக்காரர் தன் கையால் தன் அடையாளம் வைக்க வேண்டும். ஒருவர் மோதிரத்தை அமுக்கினார், ஒருவர் சோடா மூடியை, தலைமையாசிரியர் பள்ளி முத்திரையை. காதர் பாய் ஒரு சின்னச் சாவியின் வளையத்தை அமுக்கினார். அவர்கள் எந்த நேரத்திலும் நிலையத்துக்கு வந்து அரக்கு அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வந்து பார்க்கவும் செய்தார்கள். சிலர் முதல் வாரம் தினமும் வந்தார்கள்.

பலகையில் கொக்கிகள் அடித்து, நிலையத்து வாசலிலிருந்து கடல் வரைக்கும் சாலையில் எந்தக் கட்டடம் எதற்கு அடுத்து வருகிறதோ அதே வரிசையில் மாட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் சரியான சாவி வர வேண்டும் என்பது கணக்கு. டிரைவருக்கு இடது பக்கம் உட்காருகிறவன்தான் அன்றைய சாவிக்காரன். "தொப்பி மறந்தாகூட மன்னிப்பு உண்டு," என்பார் சார்.

மாதம் திரும்புவதற்குள் அடுத்த பாடம் வந்தது. ஒத்திகைக்காக மீன் கிடங்குக்குப் போய் அரக்கை உடைத்துச் சாவியைப் போட்டால், பூட்டு அசையவில்லை. உப்புக் காற்று உள்ளே போய்க் கட்டியாகிவிட்டது. சொந்தக்காரர் முன் வாசலை மட்டும் தினமும் திறக்கிறவர், பக்கவாசல் பூட்டை அவரே மாசக்கணக்கில் தொட்டதில்லை. அன்றிலிருந்து மாதம் ஒரு முறை ஒவ்வொரு கட்டடத்துக்கும் சாவியோடு போவது என்று ஆனது. சொந்தக்காரர் முன்னாலேயே அரக்கை உடைத்து, பூட்டைத் திறந்து, காதர் பாய் கொடுத்த எண்ணெய் விட்டு, மறுபடியும் பூட்டி, மறுபடியும் அரக்கு வைப்போம். பூட்டை மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருந்தவர்களும் இப்படித்தான் அகப்பட்டார்கள். அலுப்பான வேலை. ஆனால் அந்த மாதாந்திரச் சுற்றில்தான் அந்த ஊர் எனக்கு ஊராக ஆனது. எந்த வீட்டில் மோர் நன்றாக இருக்கும் என்பதுவரை தெரிந்துவிட்டது.

தனபாக்கியம் அம்மாள் மட்டும் தரவில்லை. அவரிடமிருந்து சாவி வர ஒரு பெண் காரணமாக இருந்தாள்.

ஒரு சாயங்காலம் நிலையத்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். கை முழுக்க கோணிப் புழுதி. உள்ளே வரத் தயங்கவில்லை, நேராகச் சாவிப் பலகைக்கு முன்னால் வந்து நின்று பார்த்தாள்.

"எங்க கொட்டாய் சாவி இதுல எதுங்க?"

"எந்தக் கொட்டாய்ம்மா?" என்றார் சார்.

"தனபாக்கியம் அம்மா அளத்துல சாக்கு தைக்கிற கொட்டாய். என் பேரு அஞ்சலை. குப்பத்துலேர்ந்து வர்றேன்."

"அவங்க சாவி குடுக்கலையேம்மா."

அவள் முகம் மாறியது. "அப்ப எங்க நெலம இன்னாங்க? மேஸ்திரி எங்கள உள்ள வெச்சிப் பூட்டிக்கினு அளத்துக்குப் போயிடறாரு. நீங்க எல்லாச் சாவியும் வாங்கி வெச்சிருக்கீங்கன்னாங்க. சரி, எங்களுதும் இருக்கும்னு நெனச்சேன்."

ஆரோக்கியதாஸ் சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "உள்ள ஆளுங்க இருக்கறப்பவா பூட்டறாங்க?"

"சாக்கு காணாமப் போவுதாங்க. நாங்க இடுப்புல சுத்திக்கினு போயிடுவோமாம்."

"எத்தினி பேரு இருப்பீங்க?"

"பத்துப் பன்னெண்டு பேரு. மத்தவங்க இப்பவும் உள்ளதான் இருக்காங்க, நான் மட்டும் ஒடம்பு முடியலன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். நான் சைக்கிளை எடுத்தேன்.

தனபாக்கியம் அம்மாள் அம்பாரத்துக்கு ஓலை மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும், "மறுபடியும் சாவியா?" என்றார்.

"இல்லீங்கம்மா. இந்தத் தடவ பூட்டு. ஆளுங்க உள்ள இருக்கறப்ப வெளிய பூட்டறாங்க. அது கூடாதுங்கம்மா."

"சாக்கு போவுது. நீங்க வந்து காவல் இருப்பீங்களா?"

"அன்னைக்கு அந்தக் கதவ ஒடைக்க நாங்க பட்ட பாட்ட நீங்க பாத்தீங்க. இதுவும் அதே மாதிரிக் கதவுதான். அன்னைக்கு உள்ள வெறும் சாக்குதான் இருந்துச்சு."

சார் எப்போதும்போல் தணிந்த குரலில்தான் சொன்னார். அந்த அம்மாள் கொட்டாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து பெண்கள் ஏதோ பேசிச் சிரிப்பது காற்றில் கேட்டது. கதவில் பூட்டுத் தொங்கியது.

"எனக்கு அது தெரியாமலா இருக்கும்னு நெனைக்கிறீங்க," என்றார் கடைசியில். "தெனம் பாக்கறேன். பாத்துப் பாத்து அது பூட்டாவே தெரியல." கொஞ்சம் பொறுத்து, "முன் கதவு இனிமே தொறந்தே இருக்கும். பின் கதவு அளத்தப் பாத்து இருக்குது. அதத் தொறந்து வுட்டா காத்தும் மாடும் உள்ள பூந்துடும். அது பூட்டித்தான் இருக்கும்."

"அப்ப அந்தச் சாவியக் குடுங்கம்மா."

இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தார். அரக்கு உருகியதும் கை வளையலின் விளிம்பை அதில் அழுத்தினார். திரும்பும்போது சாருக்கு முழுத் திருப்தி இல்லை. பாதிதான் கிடைத்தது என்றார். மறுநாள் அஞ்சலை வந்து அந்தச் சாவி கொக்கியில் தொங்குவதைப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பாதி எவ்வளவு பெரியது என்று எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது.

அடுத்த சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம். உப்பு லாரியில் வேலை பார்க்கும் ஓர் ஆள் சைக்கிளைப் போட்டுவிட்டு நிலையத்துக்குள் ஓடி வந்தான். "தனபாக்கியம் அம்மா சாக்குக் கொட்டாய்! பொம்பளைங்க உள்ள இருக்காங்க!"

அன்றைக்கு நான்தான் சாவிக்காரன். மணி அடிப்பதற்குள் கை கொக்கிக்குப் போய்விட்டது.

கொட்டாய் முன்வாசலில் வெயிலுக்காகக் கீற்றுச் சார்ப்பு போட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் டீ அடுப்பு. கடல்காற்று ஒரு பொறியைத் தூக்கிச் சார்ப்பில் வைத்துவிட்டது. சார்ப்பு எரிந்து அப்படியே வாசல்மேல் சரிந்து விழுந்தது. திறந்து வைக்கச் சொல்லி நாங்கள் சண்டை போட்ட கதவு திறந்தேதான் இருந்தது, ஆனால் அது முழுக்க நெருப்பு. பெண்கள் எல்லாரும் பின்பக்கம் ஓடியிருக்கிறார்கள்.

வண்டியிலேயே சார் சொல்லிவிட்டார்: "ஏழுமலை, நீங்க பின்பக்கம். எங்களுக்காக நிக்காதீங்க. சாவி, கதவு, அவ்வளவுதான் உங்க வேலை."

பின்பக்கம் போக வழி என்றால் பாத்தி வரப்புதான். ஓரடி அகலம், வழுக்கும் களிமண். பாதி வழியில் ஒரு கால் பாத்திக்குள் போய்விட்டது. சாவித் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையூன்றி எழுந்து ஓடினேன். கதவுக்கு வந்ததும் முதலில் புறங்கையை வைத்தேன். சுடவில்லை. உள்ளேயிருந்து கதவைக் குத்தும் சத்தமும் கூக்குரலும். அரக்கை உடைத்துச் சாவியைப் போட்டேன். பாதி சுற்றியது, அதற்குமேல் போகவில்லை.

போன வாரம்தான் அந்தப் பூட்டுக்கு எண்ணெய் விட்டிருந்தேன். வெண்ணெயில் போவதுபோல் போன சாவி. மறுபடி முயன்றேன், அசையவில்லை. கடப்பாரை என்னிடம் இல்லை, அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் இன்னும் வரப்பில் பாதி தூரத்தில் இருந்தார். அப்போதுதான் தாழ்ப்பாளைப் பார்த்தேன். அது விறைத்து நின்றது. உள்ளே அத்தனை பேரும் கதவை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த இழுப்பில் பூட்டின் வளையம் இறுகிப்போய் விடவில்லை. அவர்கள் தள்ளுகிற வரைக்கும் அது திறக்காது.

"தள்ளாதீங்க! கதவ வுடுங்க!" என்று கத்தினேன். உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. கதவு இடுக்கில் வாயை வைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே பெயரைக் கூப்பிட்டேன்.

"அஞ்சலை! அஞ்சலை இருக்கீங்களா?"

"இருக்கறேன்! தொறங்க சாமி, தொறங்க!"

"நீங்க தள்றதால பூட்டு இறுகிக்கிச்சு. எல்லாரும் பின்னால போங்க. கதவத் தொடாதீங்க. சாவி என் கையில இருக்குது."

சொன்ன பிறகுதான் நான் என்ன கேட்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அவர்களுக்குப் பின்னால் இருந்தது புகையும் நெருப்பும். எந்த மனுஷி அந்த இடத்தில் கதவை விட்டுப் பின்னால் போவாள்?

ஒரு கணம் அஞ்சலையின் சத்தம் வரவில்லை. பிறகு உள்ளே அவள் குரல் எல்லார் குரலுக்கும் மேலே எழுந்தது. "வுடுங்கடி! கதவ வுடுங்கடி! அவருகிட்ட சாவி இருக்குது, நான் கண்ணால பாத்தேன்டி, அங்கதான் மாட்டி வெச்சிருந்தாங்க! பின்னாடி வாங்க!" யாரோ ஒருத்தி வேண்டாம் வேண்டாம் என்று அலறினாள். அடி விழுந்த சத்தம்கூடக் கேட்டது. தாழ்ப்பாள் ஒரு விரல்கடை தளர்ந்தது. சாவி சுற்றியது.

கதவு திறந்ததும் முதலில் புகைதான் வந்தது. அதற்குள்ளிருந்து ஒருவர் மேல் ஒருவராக விழுந்து வந்தார்கள். கடைசியாக வந்த அஞ்சலை, இருமிக்கொண்டே ஒவ்வொருத்தி தலையிலும் கையை வைத்து எண்ணினாள். எண்ணிவிட்டு, "குப்பு எங்கடி?" என்றாள். போன தையில் கல்யாணம் ஆகி வந்த பெண் குப்பு. அஞ்சலை மறுபடி உள்ளே போகத் திரும்பினாள். நான் அவளைப் பிடித்து வரப்பில் தள்ளினேன்.

அதற்குள் ஆரோக்கியதாஸ் சார் குழாயோடு சுற்றி வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "தரையோட போங்க. எடது கைய செவுத்த வுட்டு எடுக்காதீங்க. நான் தண்ணியோட பின்னாடியே வர்றேன்."

தரையோடு ஊர்ந்தேன். மேலே அனல். சாக்குப் புகைக்கு ஒரு கசப்பு உண்டு, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். கண் திறந்தும் பயனில்லை. இடது கை சுவரில், வலது கை முன்னால் துழாவிக்கொண்டு போனேன். முதுகில் சார் அடிக்கும் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அந்தத் தண்ணீர்தான் எனக்குத் தைரியம். சாக்கு அடுக்கு ஒன்று சரிந்து கிடந்தது. அதற்கடியில் என் விரலில் ஒரு மெட்டி தட்டியது. காலைப் பிடித்து இழுத்தேன்.

வெளியே வரப்பில் கிடத்தியபோது அவளிடம் அசைவில்லை. சார் அவளைப் பக்கவாட்டில் திருப்பி முதுகைத் தட்டினார். மறுபடி தட்டினார். ஒரு இருமல் வந்தது, அப்புறம் வாந்தி, அப்புறம் அழுகை. அந்த அழுகையைப்போல் ஓர் இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை. உப்பு லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சில நாளில் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தனபாக்கியம் அம்மாள் வரப்பில் ஓடி வந்தார். குடை இல்லை, செருப்பு இல்லை. ஒவ்வொருத்தி முகத்தையும் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். "எல்லாரும் இருக்கீங்களாடி?" என்றார். "இருக்கறோம்மா," என்றாள் அஞ்சலை. அந்த அம்மாள் அப்படியே ஈர வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் கொட்டாய்க் கூரை இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பம்பைக் கழுவி முடித்து நிழலில் குந்தினோம். சார் அவருடைய கேள்வியைக் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பூட்டுக்கு முன்னாடி சார்," என்றேன். "அவங்க தள்ளிக்கினு இருந்தாங்க."

"ஆமா. அத யாரும் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கல," என்றார். "நாளையிலேர்ந்து சொல்லுவோம்."

அப்படி ஒரு புதுச் சுற்று ஆரம்பித்தது. ஒவ்வொரு கொட்டாயிலும் வேலை செய்கிறவர்களை உட்கார வைத்து, பூட்டு எப்படி இறுகும் என்று கதவில் செய்தே காட்டினோம். எங்களோடு தனபாக்கியம் அம்மாளும் வந்தார். மற்ற அளத்துக்காரர்களிடம் எங்களைப் பேச விடவில்லை, அவரே பேசினார். "ஆள உள்ள வெச்சிப் பூட்டறது என்னோட போவட்டும். இனிமே எவன் பூட்டறான்னு நான் பாக்கறேன்," என்று நேருக்கு நேர் சொன்னார். நாங்கள் ஆறு மாதம் நடந்தும் கிடைக்காதது அவர் ஒரு வாரம் நடந்ததில் கிடைத்தது. அவருடைய புதுக் கொட்டாய்க்கு மூன்று வாசல் வைத்தார், மூன்றும் வெளிப்பக்கம் திறக்கும்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்தேன். பெரிய தீ, பெரிய வண்டி, உயரமான ஏணி எல்லாம் பார்த்தாயிற்று. நானும் நிலைய அலுவலராகத்தான் ஓய்வு பெற்றேன். போன இடத்திலெல்லாம் என் கீழ் வேலை பார்த்தவர்களை "வாங்க, போங்க" என்றுதான் அழைத்தேன். நிழலில் குந்தி அந்தக் கேள்வியைக் கேட்டேன். அதெல்லாம் என்னுடையது என்று பலர் நினைத்திருக்கலாம். அத்தனையும் ஆரோக்கியதாஸ் சாருடையது. அவரும் காதர் பாயும் தனபாக்கியம் அம்மாளும் இப்போது இல்லை. மூன்று பேருக்கும் நான் பட்ட கடன், இப்படி எழுதினால் தீர்ந்துவிடும் என்று நினைக்கவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்தத் தீ நடந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அஞ்சலை நிலையத்துக்கு வந்தாள். கூடவே குப்பு. கொஞ்சம் மெலிந்திருந்தாள், ஆனால் நடந்து வந்தாள். சார் சிரித்துக்கொண்டே, "என்ன அஞ்சலை, உங்க வூட்டுச் சாவியையும் குடுக்க வந்தீங்களா? கொக்கி ஒண்ணு காலியா இருக்குது," என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

"எங்க வூட்டுக்கு ஏதுங்க பூட்டு, வெறும் ஓலைப் படலுதான்," என்றாள் அஞ்சலை. "எப்ப வேணாலும் நீங்க உள்ள வரலாம். இன்னைக்கே வாங்க. சங்கரா மீன் கொழம்பு வெச்சிட்டுத்தான் கூப்பிட வந்திருக்கறேன்."

நிலையத்தைக் காலியாக விட முடியாது. பாதிப் பேர் முதலில், மீதிப் பேர் பிறகு என்று முறை போட்டுக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். அஞ்சலையின் புருஷன் பாய் விரித்தார். சாரும் நானும் முதல் பந்தி. குழம்பு நல்ல காரம், சாருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது, ஆனாலும் அவர் கையை நிறுத்தவில்லை. பரிமாறியது குப்பு. என் இலைக்கு முன்னால் வந்து இன்னொரு கரண்டி ஊற்றினாள். வயிறு எப்போதோ நிறைந்துவிட்டது. போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.